சிறுசோறு: மணலில் தொடங்கிய சமையல்

'குழந்தைகளோடு சேர்ந்து சமைக்க எளிய பதார்த்தங்கள்' என்று வார இதழ்களிலும் சமையல் நூல்களிலும் இன்று அடிக்கடி வெளிவரும் குறிப்புகளைப் படிப்பவர்கள், இவ்வழக்கம் மேனாட்டிலிருந்து அண்மையில் வந்து இறங்கியது என்றே எண்ணக்கூடும். அளவுக் குவளையும் மைதா மாவும் முட்டையுமாக அக்குறிப்புகள் தோற்றம் தருவதும் இவ்வெண்ணத்துக்கு ஒரு காரணம். ஆனால், குழந்தையின் சமையலுக்கென்றே தனிச்சொல் ஒன்றைத் தமிழ் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக வைத்திருக்கிறது. அச்சொல் 'சிறுசோறு'. சங்கப் பாடல்களில் அது மணலால் ஆக்கப்பட்ட சோறு. நெருப்பும் நீரும் வேண்டாத சோறு. பொய்ச் சோறு என்று சிலர் உரை சொல்வார்கள். பொய்தான், எனினும் அந்தப் பொய்யிலிருந்து மெய்ச் சோறு எங்கே எப்படிப் பிறந்தது, யாருக்குப் பிறந்தது, யாருக்குப் பிறக்கவில்லை என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுசோற்றை நாம் மிகத் தெளிவாகக் காண்பது அகநானூற்றின் 110ஆம் பாடலில். பாடியவர் போந்தைப் பசலையார். தோழி செவிலித்தாயிடம் நடந்ததைச் சொல்லுகிறாள். அன்னை அறிந்தாலும் அறியட்டும், ஊர் கேட்டாலும் கேட்கட்டும், புகார்த் தெய்வத்தின் முன் சூளுரைப்பேன் என்கிற வீறாப்போடு தொடங்குகிறாள். கடற்கரைக் கானலில் தோழியர் கூட்டம் கடலாடிற்று, பிறகு சிற்றில் கட்டிற்று, சிறுசோறு குவித்தது, விளையாடிய அலுப்பில் சற்று இளைப்பாறிக்கொண்டிருந்தது. அப்போது ஓர் அயலான் அருகில் வந்து, பொழுதும் போயிற்று, நானும் மிகக் களைத்திருக்கிறேன், மெல்லிய இலையைப் பரப்பி நீங்கள் இடும் விருந்தை உண்டு உங்கள் சிற்றூரில் நானும் தங்கினால் என்ன என்று கேட்கிறான்.

அவன் கேட்ட விருந்து ஊராரின் மெய்யான விருந்தா, எதிரே குவிந்திருக்கும் மணற்சோறா? இரண்டுக்கும் பொருந்தும்படி அவன் கேட்பதில்தான் சுவை இருக்கிறது. பெண்கள் தரும் விடை இன்னும் சுவையானது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இங்கே இருப்பது மீன் உணவு, அது தாழ்ந்தது, உங்களைப் போன்றவருக்கு ஆகாது என்கிறார்கள். மணலைக் காட்டி நகைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பெரிய மனிதரிடம் குடும்பத் தலைவி எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசுகிறார்கள். பிறகு, அதோ கொடி அசைய நாவாய் வருகிறது பார்க்கப் போவோம் என்று, கட்டிய வீட்டைத் தங்கள் காலாலேயே கலைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆட்டம் முடிந்தால் கலைக்கும் உரிமை கட்டியவர்க்கு உண்டு என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் வேறு சிலர் வந்து கலைக்கப்போகிறார்கள்.

விளையாட்டுக்கும் வேலைக்கும் இடையே அக்காலத்தில் இருந்த வேலி எவ்வளவு தாழ்வானது என்பதற்குக் குறுந்தொகை 238ஆம் பாடல் சான்று. குன்றியனார் பாடியது. தொண்டியில் பெண்கள் பச்சை அவல் இடிக்கிறார்கள். இடித்து முடித்ததும் அந்தக் கரிய வயிரம் பாய்ந்த உலக்கையை வயல் வரப்பில் கிடத்திவிட்டு வண்டல் விளையாடப் போகிறார்கள். புலவர் 'கிடத்தினர்' என்று சொல்லவில்லை; 'துயிற்றினர்', அதாவது தூங்கவைத்தார்கள் என்ற பொருளில் சொல்கிறார். உலக்கை ஒரு நொடியில் குழந்தையாகிவிடுகிறது, இடித்தவள் தாயாகிவிடுகிறாள். அவல் இடிப்பது மெய்யான வேலை. வீடு அதை உண்ணப்போகிறது. அதே வரப்பின் மறுபக்கம் மணல் விளையாட்டு. இரண்டையும் செய்வது அதே கைகள். கலித்தொகையில் ஒரு பெண் தன் பொம்மைக்குச் சிறுசோறு ஊட்டி விளையாடுவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். சமைத்தல், ஊட்டல், உறங்கவைத்தல் என்று குடும்ப வாழ்வின் மூன்று வினைகளும் மணலில் ஒத்திகை பார்க்கப்பட்டுவிடுகின்றன.

இந்த ஒத்திகை எதற்காக? நற்றிணையில் போதனார் பாடிய ஒரு பாடல் இருக்கிறது. அதன் எண்ணும் 110 என்பது தற்செயல்தான். ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ள வசதியான தற்செயல். பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்தி, இன்னொரு கையில் பூச்சுற்றிய சிறுகோலை ஓங்கி, நரைத்த கூந்தலையுடைய செவிலியர் துரத்த, உண்ணமாட்டேன் என்று பந்தரில் ஓடி ஒளிந்த சிறுமி அவள். இன்று கணவன் வீட்டில் வறுமை. தந்தை வீட்டுச் சோற்றை நினைத்தும் பாராமல் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்டு வாழ்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என்று செவிலி வியக்கிறாள். ஓடும் நீரின் அடியில் படிந்து நெளியும் நுண்மணலை அவள் உவமை கூறுவதும் கவனிக்கத்தக்கது. எங்கே கற்றாள் என்ற வினாவுக்கு அப்பாடலில் விடை இல்லை. விடை அகநானூற்றின் மணல்மேட்டில் இருக்கிறது என்பது என் துணிபு. மீன் உணவு உங்களுக்கு ஆகாது என்று அயலானிடம் நாணத்தோடு சொல்லத் தெரிந்த சிறுமிக்கு, இல்லாத வீட்டில் எப்படி உண்பது என்பதும் தெரிந்துதான் இருக்கும்.

மெய்ச் சமையலின் முதல் நாளையும் சங்கப் பாடல் பதிவு செய்திருக்கிறது. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167 பலரும் அறிந்தது. முற்றிய தயிரைக் காந்தள் போன்ற விரல்களால் பிசைகிறாள். பிசைந்த விரலை உடுத்திய ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். அவ்வாடையை மாற்றவும் நேரமில்லை. தாளிதப் புகை கண்ணில் நிறைகிறது. தானே துழாவிச் சமைத்த இனிய புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகத்தில் மகிழ்ச்சி வெளியே தெரிந்தும் தெரியாமலும் படர்கிறது. தயிர், புளிப்பு, தாளிதம் என்ற மூன்றையும் வைத்து நோக்கினால் இது நம் மோர்க்குழம்பின் பாட்டி எனலாம். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அந்தக் கைகளின் பழக்கமின்மை. ஆடையில் துடைப்பதும் புகைக்கு விலகாமல் நிற்பதும் புதிதாக அடுப்பின்முன் வந்தவளின் செயல்கள். மணலில் பல நூறு முறை துழாவிய கைக்கு நெருப்பு மட்டும் புதிது.

இனிமேல்தான் சிக்கல் வருகிறது. இதுவரை பேசியதெல்லாம் பெண்பிள்ளைகளைப் பற்றி. ஆண்பிள்ளை எங்கே?

அவன் சிற்றிலைச் சிதைத்துக்கொண்டிருந்தான். கலித்தொகை 51ஆம் பாடலில் தலைவி தோழியிடம் நினைவூட்டும் பையன், தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், சூடிய மாலையை அறுத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன். வளர்ந்தபின் அவன் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நிற்பதும், அவள் தாயிடம் பொய் சொல்லி அவனைக் காப்பதும் வேறு கதை. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியில் ஆண்டாளும் தோழியரும் கண்ணனிடம் சிற்றில் சிதைக்காதே என்று பத்துப் பாசுரங்களில் இறைஞ்சுகிறார்கள். அங்கே அவர்கள் கையில் வைத்திருக்கும் பொருள்களைப் பாருங்கள்: வட்டமான வாயுடைய சிறுதூதை, சுளகு, மணல். தூதை என்பது விளையாட்டுக்கான சிறு பானை. அடுக்களைச் சாமான்கள் முழுவதும் முற்றத்துக்கு வந்துவிட்டன. சமைக்க ஆள் இருக்கிறது. சிதைக்கவும் ஆள் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தோன்றிய பின், பிள்ளைத்தமிழ் தனி இலக்கிய வகையாகச் செழித்தது. இவ்வகைமையின் இலக்கணத்தில் இந்த வேலைப் பிரிவினை சட்டம்போல் எழுதி வைக்கப்பட்டுவிட்டது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பாட்டுடைத் தலைவன் வீட்டைச் சிதைக்கலாம், பறை கொட்டலாம், தேர் உருட்டலாம். பகழிக் கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில் முருகனே சிற்றில் சிதைக்க வருகிறான். பெண்பாற் பிள்ளைத்தமிழில் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல் வருகின்றன. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இம்முறையில் அமைந்தது. சிற்றில் இழைத்தலையும் சிறுசோறாக்கலையும் பெண்பாலுக்கு உரியவையாக எண்ணும் மரபும் உண்டு. எம்மரபில் தேடினாலும் ஆண்பிள்ளைக்குச் சிறுசோறு இல்லை. அவனுக்குச் சோறு உண்டு; சிறுசோறு இல்லை.

அவனுக்குச் சோறு எப்படி இருந்தது என்பதற்குப் புறநானூறு 188. பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குறுகக் குறுக நடந்து வந்து, சிறிய கையை நீட்டி, கலத்துச் சோற்றைத் தரையில் இட்டும், தொட்டும், வாயால் கவ்வியும், கையால் துழாவியும், நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொண்டும் மயக்கும் குழந்தை இல்லாதவர்க்கு வாழ்நாளால் பயனில்லை என்று அரசன் சொல்லுகிறான். குழந்தையின் சிறுகை அளைந்த கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். இவ்விருவரும் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. சோற்றை அளையும் வயது வரை இரு பாலரும் ஒன்றுதான். அதற்கு அடுத்த படியில்தான் ஒருத்திக்குத் தூதையும் ஒருவனுக்குத் தேரும் தரப்படுகின்றன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சிறந்த சமையலை நாம் என்ன சொல்லிப் பாராட்டுகிறோம்? நளபாகம் என்கிறோம். வீமபாகம் என்றும் சொல்வதுண்டு. நளனும் வீமனும் ஆண்கள். ஒருவன் இருதுபன்னனின் அரண்மனையிலும் மற்றவன் விராடனின் மடைப்பள்ளியிலும் மறைந்து வாழ்ந்தபோது சமைத்தவர்கள். கோயில் மடைப்பள்ளியிலும் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பிலும் ஆண்களே நின்றார்கள். சமையல் புகழும் கூலியும் தரும் தொழிலாகும்போது ஆணுக்குரியதாகவும், நாள்தோறும் செய்யவேண்டிய கடனாகும்போது பெண்ணுக்குரியதாகவும் ஆகியிருக்கிறது. தவசிப்பிள்ளை ஆகப்போகிறவனும் சிறுவயதில் சிற்றிலைச் சிதைத்துக்கொண்டுதான் இருந்திருப்பான் போலும்.

சிறுசோற்றைப் பற்றிப் பேசும்போது நெகிழ்ந்துவிடுவது எளிது. நெகிழ்வதற்கு முன் இன்னொன்றையும் சொல்லவேண்டும். எட்டு வயதிலும் பத்து வயதிலும் பெண்ணுக்கு மணம் முடித்த குடும்பங்கள் பல இருந்த நாட்டில், சிறுசோறு வெறும் விளையாட்டாக இருந்திருக்க முடியாது. அது அவசரப் பயிற்சி. 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்று வைத்ததே அன்று பெருத்த எதிர்ப்பைச் சந்தித்தது என்பதை நினைத்தால், மணல் அடுப்புக்கும் மெய் அடுப்புக்கும் இடையே எத்தனை குறைந்த காலம் கிடைத்திருக்கும் என்பது விளங்கும். மணவயது உயர்ந்து, பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகத் தொடங்கியபின் அந்த அவசரம் தளர்ந்தது. அதனுடன் அடுக்களைப் பயிற்சியும் தளர்ந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வந்தது அச்சுப் புத்தகம். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. மூத்தவர் யாரும் பக்கத்தில் இல்லாத வீட்டில் தனியே அடுப்பின்முன் நிற்கும் இளம்பெண்ணுக்கு அந்நூல் மாமியும் அத்தையுமாக நின்று சொல்லிக்கொடுத்தது. மணமகளுக்குச் சீர்வரிசையோடு அதைக் கொடுத்தனுப்பிய குடும்பங்கள் பல. தலைப்பிலுள்ள 'பார்' என்ற சொல்லில் பழைய விளையாட்டின் சாயல் சற்று இருக்கிறது.

ஆனால், புத்தகத்துக்கு வெளியே, பிள்ளைகள் தாமே மெய்யாகச் சமைக்கும் சில நாட்களும் தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் மணற்சிற்றிலுக்கு மிக நெருங்கியது நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளின் சிறுவீட்டுப் பொங்கல்.

மார்கழி முழுவதும் வைகறையில் வாசலில் கோலமிட்டு, சாணத்தைப் பிள்ளையாராகப் பிடித்து, அதன்மேல் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். வெயில் ஏறியதும் பூவோடு சேர்த்து அதை வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேமிப்பார்கள். மார்கழிக்கு 29 அல்லது 30 நாள். அத்தனை நாள் பூக்களும் சேரும். தை பிறந்து பெரியவர்களின் பொங்கல் முடிந்தபின் ஒரு நாள் (ஊருக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப நாள் மாறும்) பெண்பிள்ளைகளின் பொங்கல் வரும். முற்றத்தில் களிமண்ணால் அவர்களுக்கென்று ஒரு சிறிய வீடு எழும்பும்: வாசல், கூடம், அடுக்களை எல்லாம் ஒரு முழ உயரச் சுவருக்குள். சில வீடுகளில் கோலமாகவே வீட்டை வரைந்துவிடுவதும் உண்டு. அதன் முன்னே சிறிய அடுப்பு, சிறிய பானை, மெய்யான நெருப்பு, மெய்யான அரிசி. பொங்கியதைப் படைத்து உண்டபின், சேமித்த பூவறட்டிகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கூட்டமாகப் பாடியும் கும்மியடித்தும் ஆற்றுக்கோ குளத்துக்கோ போவார்கள். வறட்டியின்மேல் சூடம் ஏற்றி நீரில் விடுவார்கள்.

சிற்றில் இருக்கிறது, சிறுசோறும் இருக்கிறது. ஆனால், சோறு மணலிலிருந்து அரிசிக்கு மாறியிருக்கிறது. சங்க காலத்தின் தைந்நீராடலையும் ஆண்டாளின் மார்கழி நோன்பையும் இதனோடு ஒரே நூலில் கோத்துவிட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். நான் அந்த நூலைத் திரிக்கவில்லை. மாதமும், நீரும், கன்னிப்பெண்களும், சிறுவீடும் ஒருங்கே அமைந்திருக்கின்றன என்று மட்டும் சுட்டி நிறுத்திக்கொள்கிறேன்.

சமையல் முறையில் இரகசியம் ஒன்றும் இல்லை. பிள்ளையின் கையால் நான்கு பிடி பச்சரிசி, ஒரு பிடி பாசிப்பருப்பு. பருப்பை முன்கூட்டியே சற்று வறுத்துக்கொண்டால் மணம் கூடும். அரிசியும் பருப்பும் எவ்வளவோ அதைப்போல் ஐந்து மடங்கு நீர். நன்றாகக் குழைந்தபின் ஆறு பிடி பொடித்த வெல்லம். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிச் சேர்த்தால் மண் அகலும். அரிசி வேகும் முன்னே வெல்லத்தைப் போட்டுவிட்டால் பிறகு அரிசி வேகாது என்பதைப் பெரியவர்கள் ஒருமுறைக்கு இருமுறை சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு வெல்லத்தின்மீதுதான் கண் இருக்கும். பெரிய பானைக்கும் சிறிய பானைக்கும் வேறுபாடு ஒன்றுண்டு. சிறிய பானை மிக விரைவில் பொங்கிவிடும். அதனால்தானோ என்னவோ, அதன்முன் உட்காரப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்கிறது.

சொப்புச் சாமான்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அதே தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம், மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய சொப்புச் சாமான்களுக்குப் பேர்போனது. அடுப்பு, பானை, அகப்பை, அம்மி, உரல், திருகை, குடம் எல்லாம் உள்ளங்கை அளவில் இருக்கும். ஆண்டாளின் சிறுதூதை மண்ணிலிருந்து மரத்துக்கும், பிறகு தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறிய வரலாறு தனியே எழுதத்தக்கது. திருகையும் உரலும் மெய்யான அடுக்களைகள் பலவற்றிலிருந்து போய்விட்டன. சொப்புப் பெட்டியில் மட்டும் அவை இன்னும் இருக்கின்றன.

கூட்டாஞ்சோறு இன்னொரு வழி. இச்சொல்லுக்கு இரண்டு பொருள். பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி, ஒருவன் பருப்பு, ஒருத்தி கத்திரிக்காய் என்று தத்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து மரத்தடியில் கல்லடுப்பு மூட்டி ஆக்கும் சோறு ஒன்று. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் ஆக்கும் பெயர்பெற்ற உணவு மற்றொன்று. முன்னது பின்னதன் தாயாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். பலர் வீட்டுப் பொருள் ஒரே பானையில் விழுவதற்குத்தான் அப்பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. இங்கே ஆண்பிள்ளைக்கும் இடம் உண்டு. சுள்ளி பொறுக்குவதும் கல் தூக்குவதும் அவன் வேலை என்று தொடங்கி, ஊதி நெருப்பெழுப்புவதில் அவன் அடுப்பங்கரைக்கே வந்துவிடுகிறான்.

வீட்டில் செய்ய விரும்புவோர்க்கு: ஒரு குவளை அரிசி, அரைக் குவளை துவரம்பருப்பு. கத்திரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், அவரைக்காய் எது கிடைத்தாலும் நறுக்கி இரண்டு குவளை. தேங்காய், சீரகம், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளவேண்டும். பருப்பை முதலில் அரைவேக்காடாக வேகவைத்து, அரிசியும் காயும் மஞ்சளும் சேர்த்து, காய் பாதி வெந்தபின் சிறு நெல்லிக்காய் அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி, அரைத்ததையும் உப்பையும் போட்டுக் குழைய விடவேண்டும். புளியை முன்பே ஊற்றினால் பருப்பும் காயும் கல்லாகவே நிற்கும். இறக்கும் முன் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை. கடைசியில் நல்லெண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்டினால், தெருக்கோடிவரை தெரியும். முருங்கைக்கீரை உருவுவதும் சின்ன வெங்காயம் உரிப்பதும் ஐந்து வயதுப் பிள்ளையும் செய்யக்கூடியவை. வெங்காயம் உரிக்கும்போது அழுதால் அதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்பது பிள்ளைகள் கண்டுபிடித்த ஒரு வசதி.

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் நாள். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் பெருக்கன்று முடிந்தது என்றும், அதன் தொடக்கத்தில் செய்த வழிபாடு இது என்றும் ஊரார் சொல்வார்கள். கதை கிடக்கட்டும். சிற்றில் சிதைத்த பையன்கள் தலைமுறை தலைமுறையாக நெருப்பின்முன் கையில் உணவோடு நின்ற நாள் இது. எனக்கு அதுவே பெரிய செய்தி.

தேங்காயின் நாரை ஒன்றுகூட இல்லாமல் பிய்த்து, சொரசொரப்பான தரையில் தேய்த்து வழவழப்பாக்குவது முதல் வேலை. இதற்கு அரை நாள் பிடிக்கும். யாருடைய தேங்காய் அதிகம் பளபளக்கிறது என்று தெருவில் போட்டியும் நடக்கும். மூன்று கண்களில் மெல்லியதைத் துளைத்து நீரை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்ளவேண்டும். பச்சரிசி அல்லது அவல், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், பொடித்த வெல்லம், ஏலக்காய் இவற்றைக் கலந்து துளை வழியே இட்டு, வடித்த நீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றவேண்டும். முழுக்க நிரப்பலாகாது. அரிசி ஊதும், ஆவி வெளியேற இடம் வேண்டும். கூராகச் சீவிய அழிஞ்சில் குச்சியைத் துளையில் இறுகச் செருகி, ஓட்டுக்கு மஞ்சள் பூசி, வாசலில் மூட்டிய தீயில் குச்சியைத் திருப்பித் திருப்பிக் காட்டவேண்டும். ஓடு கறுத்து, விரிசல் விட்டு, வெல்லமும் தேங்காயும் சேர்ந்து மணக்கும்போது வெந்துவிட்டது என்று பொருள். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், உள்ளே பருப்புச் சோறு தேங்காய்ப் பாலில் வெந்து தேங்காயோடு ஒட்டிக்கிடக்கும். நீண்ட குச்சியின் மறுமுனையில் பிள்ளை நிற்பதால் நெருப்புக்கும் கைக்கும் இடையே போதிய தூரம் இருக்கிறது. இந்தச் சமையற்கருவியை அமைத்தவர் யாரோ, பிள்ளைகளை அறிந்தவர்.

அடுக்குமாடி வீட்டில் வாசலும் இல்லை, தீயும் மூட்டமுடியாது என்பவர்களுக்காக ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நள்ளிரவு மதுரையைக் காட்டும்போது, அடையும் மோதகமும் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு உட்கார்ந்தபடியே உறங்குவதைப் பாடுகிறார். உள்ளே பூரணம் வைத்துக் கையால் 'பிடித்த' மோதகம் அது. அந்தப் 'பிடித்த' என்ற சொல் இன்றும் நம் வீட்டில் பிடிகொழுக்கட்டையில் உயிரோடு இருக்கிறது. அதற்கு அச்சும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். உள்ளங்கைதான் அச்சு.

ஒரு குவளை பச்சரிசியையும் இரண்டு கரண்டி துவரம்பருப்பையும் ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இரண்டரைக் குவளை நீர் ஊற்றி, உப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, கொதிக்கும்போது ரவையைத் தூவிக் கட்டிதட்டாமல் கிளறவேண்டும். இதுவரை பெரியவர் வேலை. கலவை இறுகி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின், மகளையும் மகனையும் சேர்த்து உட்காரவையுங்கள். கையை நனைத்துக்கொண்டு ஓர் உருண்டை எடுத்து, விரல்களை மடக்கி ஒரு பிடி. ஐந்து விரலின் பள்ளமும் அதில் பதியும். யாருடையது எது என்று பிறகு தட்டில் சண்டை வரும்போது, விரல் தடத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம். சிறிய பிள்ளை பிடித்தது சிறியதாகவும் கோணலாகவும் இருக்கும். இரண்டு மூன்று உதிர்ந்தும் போகும். அவற்றையும் இட்லித்தட்டின் ஓர் ஓரத்தில் வைத்துவிடுங்கள். ஆவியில் பன்னிரண்டு நிமிடம் போதும்.